பிரசவத்தில் தாய் பிழைக்கிறாள், பிள்ளை ஏன் மெலிந்து பிறக்கிறது? இலங்கையின் கணக்கு

கேட்டவர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் ஒரு தம்பி. கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "இலங்கை பணக்கார நாடு இல்லை. இருந்தும் பிரசவத்தில் தாய் இறப்பதைத் தெற்காசியாவின் பெரிய நாடுகள் எதுவும் எட்டாத அளவுக்குக் குறைத்துவிட்டது. அப்படியானால் அதே நாட்டில் இத்தனை பிள்ளைகள் ஏன் நிறை குறைந்தும் கட்டையாகவும் இருக்கிறார்கள்? அரசாங்கத்திடம் காசு இல்லாததாலா, செலவழிக்கும் விதம் பிழையா?"

இரண்டும்தான். ஆனால் பிந்தியதற்கே நான் கூடுதல் பாரம் கொடுப்பேன். தாயின் உயிரைக் காக்கும் செலவு நம் வரவு செலவுத் திட்டத்தில் சம்பளமாக உட்கார்ந்திருக்கிறது. தாயின் சாப்பாட்டுக்கான செலவு ஒரு ரூபாய்த் தொகையாக எழுதப்பட்டிருக்கிறது. சம்பளத்தை வெட்டுவது எந்த நிதியமைச்சருக்கும் கஷ்டம். ரூபாய்த் தொகையையோ யாரும் வெட்டவே தேவையில்லை. அதை அப்படியே விட்டுவிட்டால் போதும், விலைவாசி தானே வெட்டிவிடும். என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான்.

முதலில் தாய்மார் பக்கம். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஏறக்குறைய ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். ஒரு ஊரில் ஒரு வருஷத்தில் நடக்கும் பிரசவங்களை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் பாரம் தெரியும். 1950களின் தொடக்கத்தில் அது 600க்குக் கீழே வந்தது. 1990களில் நூறுக்குக் கீழே. இப்போது சுமார் 30. இந்த இறக்கத்தின் பெரும்பகுதி நாடு ஏழையாக இருந்தபோதே நடந்தது. வருமானம் கூடிய பிறகு வந்த நன்மை என்று இதைச் சொல்ல முடியாது.

எப்படி நடந்தது? களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நோய் வந்தவர் வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திராமல், ஒரு குறிப்பிட்ட பரப்பில் வாழும் எல்லோருக்கும் ஒரு வைத்திய அதிகாரியும் அவருக்குக் கீழே மருத்துவமாதுகளும் பொறுப்பு என்ற ஏற்பாடு அது. 1931இல் பெண்களையும் சேர்த்து எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு வருபவரிடம் சனம் தங்கள் ஊருக்கு ஒரு மருந்தகம், ஒரு பிரசவ விடுதி என்று கேட்கத் தொடங்கியது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கிராமப்புற சுகாதாரத்தைத் தள்ளிப்போட எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வரவில்லை. போருக்குப் பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்து மலேரியாவை அடக்கியபோது, கர்ப்பிணிகளின் இரத்தத்தை உறிஞ்சிய ஒரு பெரிய நோயும் கூடவே போனது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் இருந்த சின்னச் சின்னக் கட்டணங்களும் நீக்கப்பட்டன.

ஆனால் இந்தக் கதையின் நடுவே நிற்பவர் குடும்பநல உத்தியோகத்தர்தான். ஊரில் இன்னமும் மிட்வைஃப் என்றுதான் சொல்வோம். சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. தன் பிரிவில் கலியாணம் கட்டிய பெண்கள் யார், யாருக்கு எத்தனை பிள்ளை, யார் இப்போது பிள்ளை எதிர்பார்க்கிறார் என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். மூன்று மாதம் கூட ஆகாத கர்ப்பத்தை மாமியாருக்கு முன்னே மிட்வைஃப் கண்டுபிடித்துவிடுவார் என்று பகிடி சொல்வார்கள். பதிவு செய்ததும் எச் 512 என்ற கர்ப்பப் பதிவு அட்டை. கிளினிக்கில் நிறை, உயரம், இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தச் சோகை எல்லாம் பார்ப்பார்கள். நடுவில் வீட்டுக்கும் வருவார். ஆபத்து அறிகுறி தெரிந்தால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார். அப்படியும் ஒரு தாய் இறந்துவிட்டால் விடமாட்டார்கள். ஏன் இறந்தார், எந்த இடத்தில் தாமதம், எந்தக் கை தவறியது என்று ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக எடுத்து விசாரிப்பார்கள்.

இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரசவத்தில் தாயைக் கொல்பவை பெரும்பாலும் இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, கிருமித்தொற்று. இவற்றைத் தடுக்கத் தேர்ந்த கை, சில மலிவான மருந்து, இரத்த வங்கி, நேரத்துக்கு ஒரு வாகனம் வேண்டும். செலவின் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம். இலங்கை அரசு சுகாதாரத்துக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2% அளவில்தான். அதிலேயே இது நடந்துவிட்டது. அரச ஊழியரின் சம்பளமாக இருப்பதால் இந்தச் செலவுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. ஆளை நீக்க முடியாது, மாதக் கடைசியில் சம்பளம் போடாமல் இருக்க முடியாது, விலைவாசி ஏறினால் தொழிற்சங்கம் கேட்டுப் படியைக் கூட்டிக்கொள்ளும். வெற்றிடங்களை நிரப்பாமல் இழுத்தடிக்கலாம், அது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏற்பாட்டையே கலைக்க முடியாது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. இந்த ஏற்பாடு மெலிந்த தாயையும் காப்பாற்றும். இரத்தச் சோகையோடு வந்த தாய்க்கு இரத்தம் ஏற்றலாம். நிறை குறைந்து பிறந்த பிள்ளையை வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கலாம். அதனால் தாய் இறப்பு எண் எவ்வளவு அழகாக இறங்கினாலும், அந்தத் தாய் ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்பதை அது சொல்லாது.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பார்த்தால் இது நேராகத் தெரியும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்திலும் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில்தான். கொழும்புத் தாய்க்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் தாய்க்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17%. தோட்டப்புறத்தில் 32%. பிரசவ விடுதி சமமாகக் கிடைத்த இடத்தில் உயரம் சமமாகக் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் எடுத்தால், உயரத்துக்கேற்ற நிறை இல்லாத பிள்ளைகள் 15%. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் இது மிக மோசம் என்ற வகையில் விழுகிறது. ஏறக்குறைய ஆறு பிள்ளைகளில் ஒன்று இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறது.

உணவு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தாயே சிறுவயதில் குன்றி வளர்ந்தவள் என்றால் பிள்ளையும் சிறிதாகத்தான் பிறக்கும். லயத்துத் தண்ணீர், கழிப்பறை, கர்ப்பத்தின் கடைசி மாதம்வரை மலையில் ஏறிக் கொழுந்து பறிப்பது எல்லாம் சேர்கின்றன. ஆனாலும் ஒரு எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வழக்கம் இலங்கையில் 82%. உலகத்தில் நல்ல இடம். அதுவும் மிட்வைஃப்மாரின் உழைப்புதான். அதாவது காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத உணவில் நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். கடைக்குப் போக வேண்டிய உணவு என்று வரும்போதுதான், கர்ப்பத்தில் தாய்க்கும் ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கும், பிசகுகிறது.

சரி, அந்த உணவுக்கு அரசு என்ன செய்தது? இங்கேதான் வரலாறு சுவாரசியமாகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்தும் அது நிற்கவில்லை. கூப்பன் புத்தகம் எங்கள் வீட்டு அலுமாரியில் காணி உறுதிக்குப் பக்கத்தில் இருந்ததாக அம்மா சொல்வார். அவ்வளவு மரியாதை. கொரியப் போர்க்காலத்தில் இறப்பர் விலை ஏறியதால் அரசின் கையில் காசு புரண்டது. பிறகு விலை சரிந்தது. 1953இல் அப்போதைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன மானிய அரிசியின் விலையைக் கொத்துக்கு (அரிசி அளக்கும் ஓர் அளவு) 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பள்ளிக்கூட மதிய உணவையும் நிறுத்தினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இதிலிருந்து இலங்கை அரசியல்வாதிகள் ஒரு பாடம் படித்தார்கள்: அரிசியில் கை வைத்தால் நாற்காலி போகும். 1970 தேர்தலில் ஆளுக்கு இரண்டு கொத்து, தேவையானால் சந்திரனிலிருந்தாவது கொண்டுவருவோம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. பிறகு 1973–74இல் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் சேர்ந்து விலை ஏற, பங்கீட்டைச் சுருக்க வேண்டிவந்தது. கிராமத்தில் ஒரு துண்டு வயலோ வளவில் ஒரு பலா மரமோ வைத்திருந்தவர் எப்படியோ சமாளித்தார். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு மரவள்ளி நடக்கூட நிலம் இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதால் வாக்கும் இல்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் 1974இல் சட்டென்று உயர்ந்தது. அரிசியில் கை வைத்தால் நாற்காலி போகும் என்ற பாடம் வாக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று அந்த வருஷம் காட்டியது.

அப்புறம் 1977இல் ஆட்சி மாறியது, திறந்த பொருளாதாரம் வந்தது. பங்கீட்டை மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று முதலில் சுருக்கினார்கள். 1979இல் அரிசியையே நிறுத்தி, உணவு முத்திரை, அதாவது கடையில் கொடுத்துச் சாமான் வாங்கும் சீட்டு, கொடுத்தார்கள். ஏறக்குறைய நாட்டில் பாதிப் பேருக்குக் கிடைத்தது. முத்திரையில் ரூபாய்த் தொகை அச்சடிக்கப்பட்டிருந்தது. சூட்சுமம் அங்கேதான். 1980இல் விலைவாசி ஒரே வருஷத்தில் 26% ஏறியது. முத்திரையில் இருந்த எண் ஏறவில்லை. சில வருஷங்களில் அதன் வாங்கும் பலம் பாதியானது. 1970களின் நடுவில் தேசிய உற்பத்தியில் 5% அளவுக்கு இருந்த உணவு மானியச் செலவு, 80களின் நடுவில் 2%க்கும் கீழே வந்துவிட்டது. கீழ்த்தட்டு ஐந்திலொரு பங்கு வீடுகளில் சாப்பிடும் கலோரியே குறைந்தது. நாடு மொத்தமாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது நடந்தது.

ஹர்த்தால் இல்லை. ஒருவரும் தெருவுக்கு வரவில்லை. 1953இல் விலையைக் கூட்டிய அதே மனிதர்தான் 1979இல் ஜனாதிபதி. மானியத்தை வெட்டுவது எப்படி என்று அவர் இரண்டாம் முறை சரியாகப் பிடித்துக்கொண்டார் என்பது என் கருத்து. 25 சதம் 70 சதமானால் எல்லோர் கண்ணிலும் படும். 25 ரூபா முத்திரை 25 ரூபா முத்திரையாகவே இருந்தால் யார் கண்ணில் படும்? நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், பழைய மானியத்தை அப்படியே தொடர்ந்திருக்கவும் முடியாது. வசதியானவருக்கும் சேர்த்துக் கொடுத்த திட்டம் அது, திறைசேரியைத் தின்றுகொண்டிருந்தது. இலக்கு வைத்துக் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இலக்கு வைத்த பிறகு தொகையை உறையவிட்டதுதான் என் முறைப்பாடு.

அதன் பிறகு ஏழைக் குடும்பங்களுக்கென்று வந்த உதவித் திட்டங்களான ஜனசவிய, 1995இல் தொடங்கிய சமுர்த்தி, 2023இல் வந்த அஸ்வெசும எல்லாவற்றிலும் இந்தப் பழக்கம் தொடர்கிறது. பெயர் மாறும், பட்டியல் மாறும், பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்று மேன்முறையீடு நடக்கும். தொகை மட்டும் ஓர் அறிவிப்பு முதல் அடுத்த அறிவிப்புவரை ஒரே ரூபாவில் நிற்கும்.

கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் வந்தது. மாதம் 2,000 ரூபா, பத்து மாதம், மொத்தம் 20,000. கிளினிக்கில் பதிந்த தாய்க்கு வவுச்சர் கிடைக்கும், கூட்டுறவுச் சங்கக் கடைபோன்ற இடங்களில் பருப்பு, பயறு, நெத்தலி, முட்டை என்று வாங்கலாம். நல்ல திட்டம். பணக்காரி, ஏழை என்று பிரிக்காமல் கிளினிக் வழியாகப் போனது இன்னும் நல்லது, ஏனென்றால் பட்டியல் போடும் அரசியல் அதில் இல்லை. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்தைய வருஷத்தைவிட 94.9% ஏறி நின்றபோது, 2015இன் 2,000 ரூபா பாதிக்கும் குறைவான சாப்பாட்டைத்தான் வாங்கியது. பின்பு அதை 4,500 ஆக்கினார்கள். கை தட்ட வேண்டியதுதான். ஆனால் 2015இல் வாங்கியதைத் திரும்ப வாங்கவே அந்த உயர்வு பெரும்பாலும் சரி. கூடுதலாக ஒரு முட்டை வந்ததா என்பது சந்தேகம்.

திரிபோஷாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் யாரும் மன்னிக்கமாட்டார்கள். 1973இல் வெளிநாட்டு உதவியோடு தொடங்கிய சத்துமா. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள். சக்தி, புரதம், நுண்சத்து மூன்றும் தருவது என்பதால் அந்தப் பெயர். தாய்க்கு மாதம் 750 கிராம் பக்கெற் இரண்டு. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லோரும் கை நீட்டுவார்கள், மாமனார் உட்பட. தாய்க்கென்று வந்தது ஐந்து பேருக்குப் பிரியும். இதை ஒழுங்கீனம் என்று கிளினிக்கில் கண்டிப்பார்கள். வீட்டில் மற்றவருக்கும் பசி என்பதுதான் அதன் பொருள் என்று நான் நினைக்கிறேன்.

திரிபோஷாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பொருளாக வருவதால் விலைவாசி அதைத் தொடாது. இரண்டு பக்கெற் என்றால் இரண்டு பக்கெற். ஆனால் வேறொரு வழியால் அடி விழுந்தது. உள்ளூர் விவசாயியைக் காக்கச் சோள இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் உள்ளூர்ச் சோள விளைச்சல் விழுந்தது. டொலரும் இல்லை. 2022இல் திரிபோஷா பல மாதங்கள் பல பகுதிகளில் சரியாகக் கிடைக்கவில்லை. கிடைத்த சோளத்தில் பூஞ்சண நஞ்சான அஃப்லாடொக்சின் பற்றிய கவலையும் எழுந்தது. விவசாய அமைச்சின் ஒரு முடிவு, சுகாதார அமைச்சின் ஒரு திட்டத்தை நிறுத்தியது. இரண்டு அமைச்சும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைக் கணக்குப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது வரி. போசாக்கைப் பற்றி எழுதுபவர்கள் செலவுப் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள், வரவுப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. இலங்கை அரசின் வரி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறைமுக வரி. சம்பளத்திலிருந்தோ இலாபத்திலிருந்தோ எடுப்பது குறைவு, சாமானின் விலைக்குள் ஒளித்து எடுப்பது கூட. அதில் விசேட பண்ட வரி என்று ஒன்று, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. இறக்குமதியாகும் பருப்பு, நெத்தலி, பயறு, தகரத்தில் அடைத்த மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், சீனி என்று ஒரு பட்டியல். வர்த்தமானி (அரசின் அறிவித்தல் இதழ்) ஒன்றால் இரவோடிரவாக ஏற்றவும் இறக்கவும் முடியும், பாராளுமன்றத்தில் விவாதித்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தப் பட்டியலைக் கர்ப்பிணியின் வவுச்சர் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பருப்பு இரண்டிலும் இருக்கிறது. நெத்தலி இரண்டிலும் இருக்கிறது. பயறும் இருக்கிறது. சீனிக்கு வரி போடுவதைப் புரிந்துகொள்ளலாம், நீரிழிவு பெருத்த நாடு. நெத்தலிக்குப் போடுவதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு கையால் வவுச்சர், மறுகையால் வரி. உள்ளூர் விவசாயியைக் காக்கத்தான் என்பார்கள். பருப்பு, அதுதான் மைசூர்ப் பருப்பு, இங்கே விளைவதே இல்லை.

முட்டையும் இதே கதைதான், கொஞ்சம் சுற்றி வருகிறது. கோழித்தீனியின் முக்கியப் பொருள் சோளம். சோளத்தைக் கட்டுப்படுத்தினால் முட்டை விலை ஏறும். கர்ப்பிணிக்கு மிக மலிவாகக் கிடைக்கக்கூடிய நல்ல புரதம் முட்டை.

ஏன் இப்படி மறைமுக வரியிலேயே தொங்குகிறோம் என்று கேட்டால், நேரடி வரி எடுக்க முடியாத அரசு இது. 2019 டிசம்பரில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15%இலிருந்து 8% ஆக்கினார்கள், வருமான வரியையும் தளர்த்தினார்கள். நாட்டு உற்பத்தியில் சுமார் 11% ஆக இருந்த வரி வருமானம், 2021–22இல் 8%க்குக் கீழே போனது. ஏழை நாடுகளின் வரிசையிலும் இது அடிமட்டம். வந்த வருமானத்தில் 70%க்கு மேல் கடனுக்கு வட்டியாகவே போனது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு வற் திரும்பவும் 15%, 2024 ஜனவரியில் 18%. வரி குறைத்தபோது இலாபம் பெற்றவர் வேறு, திரும்ப ஏற்றியபோது கட்டியவர் வேறு. 8% இருந்த காலத்தில் பருப்பு மலிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் போட்ட ஒப்பந்தத்தில் வட்டிக்கு முந்தைய உபரி, அதாவது வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் செலவுக்கு மேல் மிஞ்சும் வரவு, நாட்டு உற்பத்தியில் 2.3% இருக்க வேண்டும் என்று இலக்கு. அதே ஒப்பந்தத்தில் சமூகப் பாதுகாப்புச் செலவுக்கு ஒரு கீழ்மட்டமும் போட்டார்கள், அதைவிடக் குறைக்கக் கூடாது என்று. நல்லதுதான். ஆனால் அது மொத்தச் செலவுக்கான எல்லை. ஒரு தாயின் கையில் கிடைக்கும் தொகை எதை வாங்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

"காசு இல்லை" என்ற பதிலை ஒரு தடவை சோதித்துப் பார்ப்போம். 2023இல் இலங்கையில் சுமார் இரண்டரை இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். அத்தனை தாய்மாருக்கும் மாதம் 4,500 ரூபா பத்து மாதம் கொடுத்தால் 11.25 பில்லியன் ரூபா. அந்த வருஷம் நாட்டு உற்பத்தி 27 டிரில்லியனுக்கு மேல். அதாவது 0.04%. வட்டிக்கு மட்டும் அரசு அந்த வருஷம் 2.4 டிரில்லியன் அளவில் செலவழித்தது. நாளொன்றுக்கு ஆறரை பில்லியன். நாட்டின் எல்லாக் கர்ப்பிணிகளுக்குமான ஒரு வருஷக் கொடுப்பனவு, இரண்டு நாள் வட்டிக்குக் கூட வராது. தொகையை இரட்டிப்பாக்கினாலும் மூன்றரை நாள். பிறப்பு எண்ணிக்கையும் வருஷாவருஷம் இறங்கிக்கொண்டிருப்பதால், இந்தச் செலவு தானாகவே சிறுத்துக்கொண்டு போகிறது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் காசு இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒட்டுமொத்தமாக நாட்டிடம் காசு இல்லை என்பது உண்மை. கர்ப்பிணிக்குப் பருப்பு வாங்கக் காசு இல்லை என்பது உண்மை இல்லை.

இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியிருப்பது ஒன்று, திறைசேரி மாதாமாதம் விடுவிக்கும் காசு இன்னொன்று. கை இறுகும் மாதத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் முதலில் போகும். வவுச்சர் கடைசியில். சங்கக் கடைக்குக் கொடுக்க வேண்டிய காசு நிலுவையானால் கடைக்காரர் அடுத்த மாதம் வவுச்சரை எடுக்கத் தயங்குவார். ஐந்தாம் மாதத்தில் கிடைக்க வேண்டியது ஏழாம் மாதத்தில் கிடைத்தால், கணக்கில் அது செலவான காசுதான். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மாதம் திரும்ப வராது.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், முதலில் கொடுப்பனவை ரூபாவில் எழுதுவதை நிறுத்துவேன். இத்தனை கிலோ பருப்பு, இத்தனை முட்டை, இவ்வளவு நெத்தலி என்று எழுதி, அதன் விலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டுத் தொகையைத் தானாக மாற்றுவேன். ஒவ்வொரு தடவையும் ஒரு அமைச்சர் அறிவித்துப் பெயர் வாங்கத் தேவையில்லாதபடி. அடுத்து, அந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பொருளுக்கும் விசேட பண்ட வரி இல்லை என்று சட்டத்திலேயே எழுதுவேன். திறைசேரி எதிர்க்கும். இழப்பை மதுவிலும் சிகரெட்டிலும் சொத்திலும் தேடச் சொல்வேன்.

தோட்டத்துக்கு இது போதாது. அங்கே விஷயம் நாட்கூலி. 2021இல் ஆயிரம் ரூபாவுக்கு எத்தனை வருஷப் போராட்டம் என்பது தெரிந்ததுதான். அந்த ஆயிரம் கைக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் உணவு விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. சம்பளம் கேட்கப் பலமான அரச ஊழியர் தொழிற்சங்கம் மிட்வைஃபுக்கு இருக்கிறது. கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளம் கம்பனி, சம்பளச் சபை, நீதிமன்றம் என்று சுற்றிவர வருஷக்கணக்கு. அவளுடைய பிள்ளை மட்டும் பத்து மாதத்தில் பிறந்துவிடும்.

தம்பி, இதை ஆய்வாக எடுப்பதானால் ஒரு யோசனை. பெரிய தரவுத் தொகுப்புகளைத் தேடி அலைய வேண்டாம். நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டக் கடை, கிளிநொச்சியில் ஒரு சங்கக் கடை, கொழும்பில் ஒரு கடை, மூன்றை எடுங்கள். ஒரு வருஷம் மாதாமாதம் பருப்பு, பயறு, முட்டை, நெத்தலி விலையைக் கொப்பியில் எழுதுங்கள். வவுச்சர் தொகைக்கு எவ்வளவு வந்தது, எந்த மாதம் வவுச்சரே வரவில்லை, அந்த மாதம் என்ன வர்த்தமானி வெளியானது என்று பக்கத்தில் குறியுங்கள். கடைக்காரரிடம் கடன் கொப்பியையும் கேட்டுப் பாருங்கள், காட்டுவாரென்றால்.